எதிரி விளையாடாத ஆட்டம்

1

1991 ஜனவரி 30 அன்று ரியாத் நகரில் அமெரிக்கத் தளபதி நார்மன் ஷ்வார்ஸ்காஃப் பத்திரிகையாளர்களுக்கு ஒரு வீடியோ துண்டைப் போட்டுக் காட்டினார். விமானத்திலிருந்து எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். திரையின் நடுவே குறிக்கோடுகள். அவற்றின் கீழே ஈராக்கின் பாலம் ஒன்று. பாலத்தின் மேல் ஒரு வண்டி ஊர்ந்துபோகிறது. அது குறியைக் கடந்து மறுமுனையை நெருங்குவதற்கும் குண்டு விழுந்து திரை வெளுத்துப்போவதற்கும் சரியாக இருக்கிறது. இன்றைய தேதிக்கு ஈராக்கிலேயே அதிர்ஷ்டசாலி இவர்தான் என்று தளபதி சொல்ல, கூட்டம் சிரித்தது.

சிரித்தவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. சிரிக்க ஏதுவாகத்தான் அந்தப் படம் இருந்தது. ஓட்டுநருக்கு முகம் இல்லை. வண்டிக்கு ஓசை இல்லை. குண்டு விழுந்ததும் காட்சி முடிந்துவிடுகிறது. 'நின்டெண்டோ போர்' என்ற பெயர் அந்த வளைகுடாப் போரோடு புழக்கத்துக்கு வந்தது. பத்தாண்டு கழித்து ஆளில்லா விமானத்தில் ஏவுகணையை மாட்டியபோது பெயர் இன்னும் பொருந்தியது. இப்போது விமானியே திரைக்கு முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டார். 2010-ல் ஐ.நா.வின் சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன், இப்படித் தொலைவிலிருந்து கொல்வதில் 'பிளேஸ்டேஷன் மனநிலை' வளரும் ஆபத்து உண்டு என்று எழுதினார். 2013-ல் பிரிட்டிஷ் இளவரசர் ஹாரி, பிளேஸ்டேஷனிலும் எக்ஸ்பாக்ஸிலும் பழகிய தன் கட்டைவிரல்கள் அப்பாச்சி ஹெலிகாப்டரில் சுடும் வேலைக்குக் கைகொடுக்கின்றன என்று தொலைக்காட்சியில் சொன்னார். ஒருவர் எச்சரிக்கிறார், ஒருவர் பெருமைப்படுகிறார். உவமை என்னவோ ஒன்றுதான். எதிரெதிர்ப் பக்கத்தில் நிற்பவர்கள் ஒரே உவமையில் வசதியாக உட்கார்ந்திருந்தால், அதைப் பிரித்துப் பார்ப்பது நல்லது.

சாதாரணமாக நாம் அந்த உவமையில் மூன்றைப் பொருத்திக்கொள்கிறோம்: திரை, கைப்பிடி, ஆபத்தில்லாத நாற்காலி. இந்த மூன்றையும் எடுத்து வெளியே வைத்தாலும் ட்ரோன் போரில் விளையாட்டு மிச்சம் இருக்கிறது என்பது என் எண்ணம். நாம் பார்த்துக்கொண்டிருக்கும் இடத்தில் அது இல்லை, அவ்வளவுதான்.

2

பிரிடேட்டர் என்ற விமானத்தின் வரலாறு பாக்தாதில் பிறந்த ஒரு யூதப் பொறியாளரிடம் தொடங்குகிறது. ஏப்ரஹாம் கரெம் இஸ்ரேலிலிருந்து அமெரிக்கா போய், லாஸ் ஏஞ்சலஸ் வீட்டின் கார் கொட்டகையில் ஆளில்லா விமானம் கட்டியவர். அவருடைய வடிவமைப்பிலிருந்து வளர்ந்த பிரிடேட்டர் 1994-ல் முதன்முதலாகப் பறந்தது; அடுத்த ஆண்டு போஸ்னியா வானில் வேவு பார்த்தது. 2001 பிப்ரவரியில் அதன் இறக்கையில் ஹெல்ஃபயர் ஏவுகணையை மாட்டிச் சோதித்தார்கள். அது டாங்கியை உடைப்பதற்கென்று செய்த ஏவுகணை. அந்த ஆண்டு அக்டோபரிலேயே ஆப்கானிஸ்தானில் அது மனிதர்களைத் தேடிப் போனது. 2018-ல் பிரிடேட்டருக்கு ஓய்வு கொடுத்துவிட்டு அமெரிக்க விமானப்படை அதைவிடப் பெரிய ரீப்பரை வைத்துக்கொண்டது.

நெவாடா பாலைவனத்தில், லாஸ் வேகஸிலிருந்து ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தள்ளி, கிரீச் விமானத்தளம் இருக்கிறது. அங்கே கப்பலில் ஏற்றும் கன்டெய்னர் போன்ற பெட்டி அறைகள். உள்ளே இருட்டு, ஏசி, வரிசையாகத் திரைகள். இடப்பக்கம் விமானி, வலப்பக்கம் சென்சார் இயக்குபவர். விமானி விமானத்தை ஓட்டி ஏவுகணையை விடுவார். மற்றவர் கேமராவைத் திருப்பி, லேசர் புள்ளியை இலக்கின் மேல் நகராமல் பிடித்திருப்பார். கட்டளை கண்ணாடி இழை வழியாக ஜெர்மனியின் ராம்ஸ்டைன் தளத்துக்குப் போய், அங்கிருந்து செயற்கைக்கோள் வழியாக ஆப்கானிஸ்தான் வானுக்குப் போகும். படம் அதே வழியில் திரும்பி வரும். போய்வர ஒன்றரை, இரண்டு விநாடி பிடிக்கும்.

அந்த இரண்டு விநாடியிலேயே உவமைக்கு முதல் அடி விழுகிறது. வீடியோ கேம் ஆடும் பையனிடம் பொத்தானை அழுத்தினால் இரண்டு விநாடி கழித்துத்தான் துப்பாக்கி சுடும் என்று சொல்லிப் பாருங்கள். கருவியைத் தூக்கி எறிந்துவிடுவான். இந்தத் தாமதத்தோடு விமானத்தைத் தரையிறக்க முடியாது. அதனால் ஏற்றி இறக்குவதற்கென்று போர்க்களத்தின் பக்கத்திலேயே வேறொரு குழு இருக்கும். விமானம் மேலே போன பிறகு நெவாடா அதை வாங்கிக்கொள்ளும். ஏவுகணை புறப்பட்ட பின்பும் தரையைத் தொடப் பல விநாடி ஆகும். அதற்குள் எவரும் திரையின் சட்டகத்துக்குள் நடந்து வந்துவிடலாம். பிராண்டன் பிரையன்ட் என்ற முன்னாள் சென்சார் இயக்குநர் 2013-ல் அளித்த பேட்டிகளில் அப்படி ஒரு கணத்தைச் சொன்னார். ஏவுகணை பாதி வழியில் இருக்கும்போது கட்டடத்தின் மூலையைச் சுற்றி ஒரு சின்ன உருவம் ஓடி வந்தது. குழந்தை என்று அவருக்குப் பட்டது. பிறகு கேட்டபோது அது நாய் என்று பதில் வந்ததாம்.

இரண்டாவது அடி, காத்திருப்பு. கேம் என்பது அலுப்பை வெட்டியெறிந்து செய்த பொருள். அதில் ஒவ்வொரு நிமிடமும் ஏதாவது நடந்தாக வேண்டும். ட்ரோன் வேலையில் பெரும்பகுதி எதுவும் நடக்காத நேரம். ஒரு வீட்டை நாள்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் பார்க்க வேண்டும். அந்த வீட்டில் எத்தனை பிள்ளைகள், யார் எப்போது தொழுகிறார்கள், இரவில் வெக்கைக்கு யார் மொட்டைமாடியில் படுக்கிறார்கள் எல்லாம் தெரிந்துவிடும். உயரத்தில் பறந்து குண்டு போட்டுவிட்டுப் போகும் விமானிக்கு இது ஒருபோதும் தெரியாது. அடித்த பிறகும் கேமரா நகராது. எத்தனை உடல் என்று எண்ண வேண்டும். யார் வந்து அள்ளுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். அகச்சிவப்புப் படத்தில் சூடு வெள்ளையாகத் தெரியும். தன் முதல் தாக்குதலில் கால் இழந்து கிடந்த ஒருவரின் இரத்தம் வெள்ளையாகப் பரவி, ஆறி, அந்த உடலும் மண்ணின் நிறத்துக்கு வரும்வரை பார்த்துக்கொண்டிருந்ததாகப் பிரையன்ட் சொன்னார். எந்த கேமும் ஆடுபவரை இவ்வளவு நேரம் பிணத்தின் அருகே உட்கார வைப்பதில்லை.

நெஞ்சு மரத்துப்போகும் என்ற வாதத்தையும் ஆய்வுகள் அப்படியே ஆதரிக்கவில்லை. அமெரிக்கப் படையின் மருத்துவக் கண்காணிப்புத் துறை 2013-ல் ட்ரோன் விமானிகளையும் நேரில் பறக்கும் விமானிகளையும் ஒப்பிட்டது. மனநலப் பாதிப்பில் இரு தரப்புக்கும் பெரிய வேறுபாடு இல்லை. அதே ஆண்டு பிப்ரவரியில் பாதுகாப்பு அமைச்சர் லியோன் பனெட்டா இவர்களைப் போன்றவர்களுக்காகப் புதிய பதக்கம் ஒன்றை அறிவித்தார். களத்தில் இரத்தம் சிந்தியவர்களுக்கு மேலான வரிசையில் இதை வைப்பதா என்று பழைய வீரர்கள் கொதித்தார்கள். 'நின்டெண்டோ பதக்கம்' என்று கேலி பேசினார்கள். ஏப்ரலில், அடுத்து வந்த அமைச்சர் சக் ஹேகல் அதை ரத்து செய்தார். கொலை செய்யலாம்; அதை வீரம் என்று சொல்லக் கூடாது. படைக்குள்ளேயே இருந்த இந்தக் கூச்சத்துக்கும் 'விளையாட்டு' என்ற பெயர்தான் மறைவிடமாக இருந்தது.

3

கருவிகள் ஒத்திருப்பதற்கு வேறு காரணம் இருக்கிறது. இரண்டும் ஒரே வயிற்றில் பிறந்தவை.

1958 அக்டோபரில் நியூயார்க் மாநிலத்தின் புரூக்ஹேவன் ஆய்வகத்துக்கு வந்த பார்வையாளர்கள், ஆசிலோஸ்கோப்பின் சிறிய வட்டத்திரையில் டென்னிஸ் ஆட வரிசையில் நின்றார்கள். அதைச் செய்தவர் வில்லியம் ஹிகின்பாதம். மன்ஹாட்டன் திட்டத்தில் அணுகுண்டின் மின்னணுப் பகுதியில் வேலை செய்தவர். பந்தின் பாதையைக் கணக்கிட்ட அனலாக் கணிப்பொறியின் கையேட்டில் ஏவுகணையின் பாதையை வரைவதற்கும் வழி சொல்லியிருந்தது. வளைகோடு ஒன்றே, நுனியில் பந்து இருக்கிறதா வெடிமருந்து இருக்கிறதா என்பது கணிப்பொறிக்கு ஒரு பொருட்டில்லை. அணு ஆயுதக் கட்டுப்பாட்டுக்காக அமெரிக்க விஞ்ஞானிகள் சேர்ந்து தொடங்கிய கூட்டமைப்பின் முதல் தலைவரும் இதே ஹிகின்பாதம்தான்.

அதன் பிறகு கொடுக்கல் வாங்கல் நிற்கவேயில்லை. அட்டாரி நிறுவனம் 1980-ல் வெளியிட்ட 'பேட்டில்ஸோன்' ஆட்டத்தைப் பார்த்த அமெரிக்க ராணுவம், பிராட்லி கவச வண்டியின் சுடுநர்களுக்குப் பயிற்சி தர அதை மாற்றிக் கேட்டது. 2002 ஜூலை 4 அன்று ராணுவமே 'அமெரிக்காஸ் ஆர்மி' என்ற ஆட்டத்தை இலவசமாக வெளியிட்டது. ஆளெடுப்புதான் நோக்கம். இருபது ஆண்டுகள் அது ஓடியது. 2018-ல் சேவைக்கு வந்த யுஎஸ்எஸ் கொலராடோ நீர்மூழ்கியில் பெரிஸ்கோப்புக்குப் பதிலாக இருக்கும் கேமராக் கம்பத்தைத் திருப்புவது எக்ஸ்பாக்ஸ் கைக்கருவி. முன்பு இதற்கென்று செய்த கைப்பிடியின் விலை 38,000 டாலர். எக்ஸ்பாக்ஸ் கருவி 30 டாலருக்குள் கிடைக்கிறது. அதைவிட முக்கியம், மாலுமிக்குக் கற்றுத்தர வேண்டியதில்லை. வீட்டில் பத்து வயதிலேயே படித்துவிட்டு வருகிறார்.

ஆக, கைப்பிடி ஒரே மாதிரி இருப்பது செலவுக் கணக்கும் பழக்கமும் சார்ந்த செய்தி. அதிலிருந்து ஓர் இளைஞரின் மனச்சாட்சியைப் பற்றி முடிவுக்கு வர முடியாது. இருபத்தோரு வயதுச் சிப்பாயின் கட்டைவிரலைச் சுட்டிக்காட்டி 'இவனுக்கு இது விளையாட்டாகிவிட்டது' என்று சொல்வதில் ஒரு வசதியும் இருக்கிறது. யாரைக் கொல்லலாம் என்று எழுதிக் கொடுத்தவர் அந்தப் பேச்சில் வருவதேயில்லை.

4

போரில் விளையாட்டு நுழைந்தது நேற்று நடந்ததல்ல. நம் புறத்திணை மரபு போரை வெட்சி, வஞ்சி, உழிஞை, தும்பை, வாகை என்று பூச்சூடி வரிசைப்படுத்தியது. ஆநிரை கவர்தலில் தொடங்கி, படையெடுத்து, மதில் வளைத்து, களம் குறித்துப் பொருது முடிப்பதற்கு ஓர் ஒழுங்கு. வெண்ணிப் பறந்தலையில் முதுகிலும் புண்பட்டதால் நாணி வடக்கிருந்த சேரமான் பெருஞ்சேரலாதன் அந்த ஒழுங்குக்குத் தன் உயிரைக் கொடுத்தான். டச்சு வரலாற்றாளர் யோஹான் ஹூய்சிங்கா 1938-ல் எழுதிய 'ஹோமோ லூடன்ஸ்' நூலில் இதைத்தான் பொதுவிதியாகச் சொன்னார்: இரு தரப்பும் ஒருவரையொருவர் சமமான எதிராளியாக ஏற்கும்வரைதான் போருக்குள் விளையாட்டின் இயல்பு தங்கும்.

பழம்போரைப் பொன்னாக்கிப் பார்க்க வேண்டியதில்லை. புறநானூற்றின் ஒன்பதாம் பாட்டில், அம்பு விடப்போகிறோம், பசுக்களும் பார்ப்பனரும் பெண்டிரும் பிணியாளரும் பிள்ளையில்லாதவரும் காப்பிடம் சேருங்கள் என்று முன்கூட்டி அறிவிக்கும் அறம் உடையவனாகப் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியைப் பாடுகிறார் நெட்டிமையார். பதினைந்தாம் பாட்டில் அதே புலவர், அதே அரசன் பகைவர் தெருக்களில் கழுதை பூட்டி உழுது பாழாக்கியதையும் பாடுகிறார். முன்னறிவிப்பும் கழுதை ஏரும் ஒரே கையில்தான் இருந்தன. விதி கொடுமையைத் தடுத்துவிடவில்லை. ஆனாலும் அந்த விதியில் எதிரிக்கு ஓர் இடம் இருந்தது. அவன் பதிலுக்கு அடிக்கலாம், வெல்லலாம், பாடவும் படலாம்.

சதுரங்கத்திலும் சடுகுடுவிலும் அப்படியே. எதிராளி ஆடினால்தான் அது ஆட்டம். தனியாள் ஆடும் வீடியோ கேமில் இது தலைகீழாகிவிடுகிறது. அங்கே எதிரி விளையாடுவதில்லை. சுடப்படுவதற்காக அவன் அங்கே வைக்கப்பட்டிருக்கிறான். அவன் எதிரி என்பதை ஆடுபவர் கண்டுபிடிப்பதும் இல்லை. அவருக்கு முன்பே, ஆட்டத்தை எழுதியவர் முடிவு செய்துவிட்டார். இந்த உடை, இந்த நடை, இந்த மூலையிலிருந்து வருகை என்றால் எதிரி. ஆடுபவர் விரலை மட்டும் கொண்டுவருகிறார்.

நெவாடாவிலிருந்து நடந்த போர் வீடியோ கேமை ஒத்திருந்தது இந்த இடத்தில்தான். பாகிஸ்தானின் பழங்குடிப் பகுதிகளில் சிஐஏ நடத்திய தாக்குதல்களில் ஒரு வகை, பெயர் தெரியாதவர்களை அவர்கள் நடவடிக்கையின் சாயலை மட்டும் வைத்து அடிப்பது. ஆயுதத்தோடு கூடினார்கள், இந்த வண்டியில் ஏறினார்கள், இந்த முகாமுக்குப் போனார்கள் என்பவை அடையாளக் குறிகள். குறிகள் போதுமான அளவு சேர்ந்தால் தாக்கலாம். 2012 மே மாதம் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்ட செய்தி இன்னும் ஒரு படி மேலே போனது: தாக்குதல் பகுதியில் இருக்கும் போரிடும் வயதுள்ள ஆண்கள் அனைவரும் போராளிகளாகவே எண்ணப்படுகிறார்கள், நிரபராதி என்று இறந்த பிறகு தெளிவான ஆதாரம் கிடைத்தால் மட்டுமே எண்ணிக்கை மாறும். சாவதற்கு முன்னால் நிரபராதி என்று நிரூபிக்க வழியில்லாத அந்த ஏற்பாட்டை எந்தக் கட்டைவிரலும் செய்யவில்லை. மேசையில் உட்கார்ந்து எழுதியவர்கள் செய்தார்கள்.

5

2010 பிப்ரவரி 21 விடியற்காலை, ஆப்கானிஸ்தானின் உருஸ்கான் மாகாணத்தில் மூன்று வண்டிகள் சாலையில் போயின. உள்ளே ஆண்கள், பெண்கள், குழந்தைகள். நெவாடாவின் பிரிடேட்டர் குழு அவற்றை மணிக்கணக்கில் தொடர்ந்தது. படத்தைப் புளோரிடாவில் வேறொரு குழு பார்த்துக் கருத்துச் சொல்லிக்கொண்டிருந்தது. முடிவெடுக்கும் தளபதி ஆப்கானிஸ்தானில், திரையைப் பார்க்க வழியில்லாமல், மற்றவர்கள் சொல்லைக் கேட்டுக்கொண்டிருந்தார். குழந்தைகள் தெரிகிறார்கள் என்று புளோரிடாவிலிருந்து தகவல் வந்தது. நெவாடாவில் அந்தத் தகவலை நம்ப யாருக்கும் மனமில்லை. வயது பற்றி வாக்குவாதம் நடந்தது. குழந்தை மெல்ல விடலையாகி, விடலை மெல்ல ஆயுதம் தூக்கும் ஆளானது. வண்டிகளை நிறுத்திவிட்டு அவர்கள் தொழுததும் ஒரு குறியாகச் சேர்ந்தது. கடைசியில் ஹெலிகாப்டர்கள் ஏவுகணை விட்டன. பளிச்சென்ற நிறத்தில் உடுத்திய பெண்கள் வெளியே வந்த பிறகுதான் தாக்குதல் நின்றது. இறந்தவர்கள் 23 பேர் என்றார்கள் ஊரார். அமெரிக்க விசாரணை அதைவிடக் குறைவாக எண்ணியது. ட்ரோன் குழு கொடுத்த தகவல்கள் துல்லியமற்றவை, தொழில்முறைக்கு ஒவ்வாதவை என்று அமெரிக்கப் படைத் தளபதி திமோதி மெக்ஹேலின் அறிக்கையே சொன்னது.

அந்த உரையாடலின் எழுத்துப் பிரதி பின்னால் வெளிவந்தது. படிக்கும்போது தெரிவது: யாரும் பார்க்கத் தவறவில்லை. பார்த்ததை எந்தக் கட்டத்தில் நிரப்புவது என்பதில்தான் எல்லாம் நடந்தது. கட்டங்கள் முன்பே வரையப்பட்டிருந்தன.

2021 ஆகஸ்ட் 29 அன்று காபூலில் இது திரும்பவும் நடந்தது. விமான நிலையக் குண்டுவெடிப்பு நடந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. ஒரு வெள்ளை டொயோட்டா கொரோலாவை ட்ரோன்கள் எட்டு மணி நேரம் தொடர்ந்தன. அதை ஓட்டியவர் ஓர் அமெரிக்க உதவி நிறுவனத்தின் ஊழியர். அவர் வண்டியில் ஏற்றிய தண்ணீர்க் கேன்கள் வெடிமருந்தாகத் தெரிந்தன. வீட்டு வாசலில் வண்டி நுழைந்ததும் ஏவுகணை விழுந்தது. இறந்த பத்துப் பேரில் ஏழு பேர் குழந்தைகள். இது சரியான தாக்குதல் என்று முதலில் சொன்ன பென்டகன், செப்டம்பர் 17 அன்று தவறை ஒப்புக்கொண்டது. டிசம்பரில், எவர் மேலும் ஒழுங்கு நடவடிக்கை இல்லை என்று அறிவித்தது. எல்லோரும் விதிப்படியே நடந்திருந்தார்கள்.

இன்னும் நன்றாகத் தெரிந்திருந்தால் இப்படி நடந்திருக்காது என்று சிலர் சொல்வார்கள். இலங்கைப் போரின்போது வன்னியில் 2008–09-ல் இருந்த தமிழர்கள் அதை ஏற்கமாட்டார்கள். இலங்கை விமானப்படையின் ஆளில்லா வேவு விமானத்தை அவர்கள் 'வண்டு' என்றார்கள். அதில் ஆயுதம் இல்லை. சுற்றிப் பார்த்துவிட்டுப் போகும். பிறகு கிபிர் போர்விமானம் வரும், அல்லது ஷெல் வரும். எங்கே பதுங்குகுழி, எங்கே மருத்துவமனை, எங்கே நிவாரண வரிசை என்பதெல்லாம் கொழும்புக்குத் திரையில் தெரிந்தது. தன் உளவு ஏற்பாடுகள் மூலம் விளைவு என்ன என்று தெரிந்தே அரசு ஷெல் அடித்தது என்று ஐ.நா. பொதுச்செயலரின் நிபுணர் குழு 2011-ல் எழுதியது. 2009 ஏப்ரலில் புதுமாத்தளனிலிருந்து மக்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறியதை வானிலிருந்து எடுத்த படத்தை உலகத்துக்குக் காட்டியதும் அதே அரசுதான். பார்வைக்கும் கருணைக்கும் நடுவில் ஒரு விதி இருக்க வேண்டும். அது இல்லாத இடத்தில் கேமரா எத்தனை கூர்மையாக இருந்தாலும் அது குறிபார்க்கும் கண்தான்.

அந்த வானத்தின் கீழே இருப்பவரிடம் திரை இல்லை, காது மட்டும் இருக்கிறது. 2013 அக்டோபர் 29 அன்று வடக்கு வசீரிஸ்தானிலிருந்து வந்த ஒரு குடும்பம் வாஷிங்டனில் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் முன் பேசியது. வந்து கேட்டவர்கள் ஐந்து உறுப்பினர்கள். முந்தைய ஆண்டு வெண்டைக்காய் பறித்துக்கொண்டிருந்த பாட்டி ட்ரோன் தாக்குதலில் இறந்ததைப் பார்த்த பேரனுக்கு அப்போது 13 வயது. நீல வானம் இப்போது தனக்குப் பிடிப்பதில்லை என்றான் அவன். மேகம் மூடினால் ட்ரோன் வராது. அதனால் சாம்பல் நிற வானம்தான் பிடிக்குமாம். ஒரு பையன் தட்பவெப்பத்தைப் பார்த்து வெளியே விளையாடப் போவதா வேண்டாமா என்று முடிவு செய்கிறான். வசீரிஸ்தானில் 'விளையாட்டு' என்ற பேச்சுக்கு இருந்த பொருள் இது ஒன்றுதான்.

6

மதிப்பெண் இல்லாத கேம் கிடையாது. ட்ரோன் போரிலும் மதிப்பெண் முதலிலிருந்தே இருந்தது. பிரையன்ட் 2011-ல் வேலையை விட்டபோது அவருக்குக் கொடுத்த தாளில், அவர் பங்கேற்ற பணிகளில் கொல்லப்பட்டவர்கள் 1,626 பேர் என்று எழுதியிருந்தது. அதைப் பார்த்து அவருக்கு வயிற்றைப் புரட்டியது. அன்று அது பிரிவு உபசாரத் தாள். அந்த எண்ணை வைத்து எதையும் வாங்க முடியாது.

உக்ரைனில் வாங்க முடியும். ரஷ்யா படையெடுத்து வந்த நாட்டில், பீரங்கிக் குண்டுக்குப் பஞ்சம் வந்த நேரத்தில், சில நூறு டாலர் விலையுள்ள சிறு ட்ரோன்கள் போரையே தாங்கின. கண்ணை மூடும் திரைக்கண்ணாடி மாட்டிக்கொண்ட இளைஞர்கள், ட்ரோனின் மூக்கிலேயே உட்கார்ந்திருப்பது போலப் பறந்து இலக்கில் மோதுகிறார்கள். டிஜிட்டல் துறை அமைச்சராக இருந்த மிகைலோ ஃபெடோரோவின் முயற்சியில் அங்கே ஒரு புள்ளித் திட்டம் வந்தது. 2025-ல் உலகப் பத்திரிகைகள் அதைப் பற்றி விரிவாக எழுதின. ஒவ்வொரு தாக்குதலின் வீடியோவையும் படைப்பிரிவு அனுப்ப வேண்டும். சரிபார்த்துப் புள்ளி வழங்குவார்கள். டாங்கியை அழித்தால் 40, சேதப்படுத்தினால் 20. எதிரிச் சிப்பாயைக் கொன்றால் 6. பிறகு அது 12 ஆனது. சேர்ந்த புள்ளிகளைக் கொண்டு 'பிரேவ்1' என்ற இணையச் சந்தையில் புதிய ட்ரோன் வாங்கலாம். எந்தப் பிரிவு முதலிடம் என்று பட்டியலும் வரும்.

இதைக் கேட்டவுடன் முகம் சுளிப்பது எளிது. கொஞ்சம் பொறுத்துப் பார்த்தால் தர்க்கம் புரியும். கருவி குறைவு, யார் நன்றாகப் பயன்படுத்துகிறார்களோ அவர்களுக்குக் கொடுக்க வேண்டும், அதிகாரியின் சிபாரிசைவிடச் சரிபார்த்த வீடியோ நேர்மையானது. தன் வீட்டு வாசலில் நிற்கும் படையை எதிர்த்துப் போராடும் நாட்டுக்கு இந்தக் கணக்கு தேவைப்படுகிறது. நெவாடாவைப் போலல்லாமல் இங்கே எதிரியும் விளையாடுகிறான். உக்ரைன் விமானியின் தலைக்கு மேலும் ட்ரோன் வந்துகொண்டுதான் இருக்கிறது. ஆற்றுக்கு அக்கரையில் இருந்துகொண்டு கெர்சோன் நகரத்துத் தெருவில் சைக்கிளிலும் காரிலும் போகும் பொதுமக்களை ரஷ்யப் படை ட்ரோனால் துரத்திக் கொன்றதை, மனித குலத்துக்கு எதிரான குற்றம் என்று ஐ.நா. விசாரணை ஆணையம் 2025 மே மாதம் அறிவித்தது. அந்தக் கொலைகளின் வீடியோக்கள் டெலிகிராமில் இசை சேர்த்து உலவின.

உக்ரைனின் பட்டியலில் என்னை அதிகம் யோசிக்கவைத்தது இன்னொரு எண். எதிரிச் சிப்பாயை ட்ரோன் மூலம் உயிரோடு சரணடைய வைத்தால் 120 புள்ளி. கொல்வதற்குக் கிடைப்பதைப் போலப் பத்து மடங்கு. கைதிகளைப் பரிமாறித் தங்கள் ஆட்களை மீட்க வேண்டும் என்பது காரணம்; அன்பு ஒன்றும் இல்லை. ஆனாலும் அந்த ஓர் எண் என் வாதம் முழுவதையும் சொல்லிவிடுகிறது. திரை அதே, கைப்பிடி அதே, தூரம் அதே, இளைஞரும் அவரே. மேசையில் ஒருவர் எண்ணை மாற்றி எழுதினால் அதே விரல் கொல்லவும் செய்கிறது, உயிரோடு அழைத்துவரவும் செய்கிறது. சிப்பாயைக் கொல்வதற்கு 6 என்றிருந்ததை 12 ஆக்கியவர்களுக்கு அது எங்கே போய் முடியும் என்று தெரியாமல் இருந்திருக்காது.

7

தொலைவையும் திரையையும் பற்றிய நம் புகாருக்கு ஆயுள் இனி அதிகம் இல்லை. ரேடியோ அலையை எதிரி முடக்கிவிடுவதால் கடைசிச் சில நூறு மீட்டரைத் தானே பார்த்துப் பறக்கும் ட்ரோன்கள் களத்துக்கு வந்துவிட்டன. மனிதர் இலக்கைக் காட்டுகிறார். மோதுவது எந்திரத்தின் பொறுப்பு. நாளை இலக்கைக் காட்டும் வேலையும் அதனிடம் போகலாம். அப்போது கைப்பிடி இருக்காது, திரை இருக்காது, மரத்துப்போக ஒரு நெஞ்சும் இருக்காது. 'வீடியோ கேம் போல' என்று சொல்லக்கூட ஆடுபவர் இல்லாமல் போவார். மிச்சம் இருப்பது விதி மட்டும்: இந்த வடிவம் தெரிந்தால் அடி, இந்த எண்ணைத் தாண்டினால் அடி.

விதிகள் வானத்திலிருந்து விழுவதில்லை. 2013 மே மாதம் ஒபாமா அரசு, பொதுமக்கள் சாகமாட்டார்கள் என்பது ஏறத்தாழ உறுதியானால்தான் போர்க்களத்துக்கு வெளியே தாக்கலாம் என்று ஓர் ஆவணம் எழுதியது. அதைக் குடிமக்கள் பார்க்க 2016 வரை, அமெரிக்கக் குடிமைச் சுதந்திரச் சங்கம் (ஏசிஎல்யு) நீதிமன்றம் போய்ப் பெறும்வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவும் பல வரிகள் கறுப்பு மை பூசி வந்தது. அதே 2016-ல், தாக்குதல்களில் இறந்த பொதுமக்களின் எண்ணிக்கையை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்று ஓர் ஆணை வந்தது. 2019 மார்ச்சில் டிரம்ப் அந்தக் கடமையை நீக்கினார். ஒரு கையெழுத்தில் வந்தது, இன்னொரு கையெழுத்தில் போனது. கிரீச் தளத்தின் இருட்டு அறையில் இருந்தவர்களின் திரையிலோ கைப்பிடியிலோ இதனால் ஒரு மாற்றமும் தெரிந்திருக்காது.

ட்ரோன் போரை வீடியோ கேம் என்று அழைப்பவர்கள் பாதி தூரம் வந்துவிட்டு நின்றுவிடுகிறார்கள். கேம் என்றால் அதை யாரோ எழுதியிருக்கிறார்கள் என்று பொருள். எதிரிக்கு இலக்கணமும் சாவுக்கு விலையும் அவர்கள் போட்டவை. தாக்குதல் வழிகாட்டிகள், அடையாளக் குறிகளின் பட்டியல், புள்ளி அட்டவணை ஆகியவைதாம் இந்தக் காலத்துப் போர் இலக்கியம். நெட்டிமையாரின் இரண்டு பாட்டுகளை அடுத்தடுத்து வைத்துப் படிக்கப் பழகிய வாசகர்களுக்கு இவற்றையும் படிக்கத் தெரியும். முதலில் அவை வெளியே வர வேண்டும். சிப்பாய் எப்படி உணர்கிறார் என்று பேட்டி எடுப்பதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, விதியை எழுதியவர் எப்படி எழுதினார் என்று கேட்கத் தொடங்கலாம். இந்திய அரசும் ட்ரோன்களை வாங்கிக் குவிக்கும் காலம் இது. அந்தக் கேள்வியை வாஷிங்டனோடும் கீவோடும் நிறுத்திக்கொள்ள நமக்கு ஒரு காரணமும் இல்லை.